ஐந்து நாற்பது

மருத்துவர் கிழித்துக் கொடுத்த தாளில்
பதினான்கு முகவரிகள்.
ஏதாவது ஒன்று உங்களுக்கு ஒத்துவரும் என்றார்,
செருப்பு வாங்க வந்தவளிடம் சொல்வதுபோல.

முதலாவது, தேவாலயத்தின் நிலவறை.
பதினோரு ஆண்கள், நான்.
ஒருவர் தன் மூன்றாவது மனைவியைப் பற்றிச் சொல்லி அழுதார்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்,
கைக்குட்டை என்னிடம்தான் இருக்குமென்று.
இருந்தது. கொடுத்தேன்.
திரும்பப் போகவில்லை.

அடுத்ததில் எல்லோரும் நன்றாகப் பேசினார்கள்.
அதுதான் சிக்கல்.
பன்னிரண்டு ஆண்டு, பத்தொன்பது ஆண்டு என்று
மெழுகுவத்தி ஏற்றிக் கைதட்டினார்கள்.
என்னிடம் ஒன்பது நாள் இருந்தது.
மேலங்கிப் பையிலிருந்து
அதை வெளியே எடுக்கவே இல்லை.

மூன்றாவதில், வாசலில் நின்று
குடையை உதறிக்கொண்டிருந்தவர்
என் மகன் தீமோனின் கணக்கு ஆசிரியர்.
வணக்கம் சொன்னோம்.
இருவருமே வேறெங்கோ போகிறவர்களாக
ஆளுக்கொரு திசையில் நடந்தோம்.
அவர் அப்புறமாவது உள்ளே போனாரா?
இன்றும் உறுத்துகிறது.

நான்காவது கதவில் ஒரு சீட்டு:
இடம் மாறிவிட்டது.
எங்கே என்று எழுதியிருந்த மூலையை
மழை தின்றிருந்தது.

அன்று குடித்தேன்.
மழையைக் குறை சொல்ல முடியாது.

நான் ட்ராம் கழுவுகிறவள்.
போஸ்னான் பணிமனையில் இரவு பத்திலிருந்து ஐந்து வரை.
ஊர் இறங்கிப்போன பிறகு
அது விட்டுப்போனதைப் பொறுக்குவேன்:
ஒற்றைக் கையுறை, பல்செட், நூலகப் புத்தகம்,
இருக்கைக்கு அடியில் உருளும் புட்டிகள்.
காலியானது கலகலக்கும்.
மிச்சமுள்ளது கனமாக, தயங்கித் தயங்கி உருளும்.
எது எதுவென்று
குனியாமலே தெரியும் எனக்கு.
ஓட்டுநர்கள் தினமும் குழாயில் ஊதிக் காட்ட வேண்டும்.
கழுவுகிறவளை யாரும் ஊதச் சொல்வதில்லை.

தாளை மறுபடி விரித்தபோதுதான் கண்ணில் பட்டது.
பதினான்கும் மாலை ஆறு, இல்லாவிட்டால் ஏழு.
மாலை ஆறு மணிக்கு நான் யோக்கியமானவள்.
சூப் கிளறுவேன், பொத்தான் தைப்பேன்.
என் தொண்டை கண் விழிப்பது விடியலில்,
தெருவே அடைத்துக் கிடக்க
பெட்ரோல் நிலையம் மட்டும் வெளிச்சமாக நிற்கும்போது.

அங்கே இரவுக் காசாளர், ஜிக்மூந்த்.
நான் வைத்த புட்டியை
விலை பார்க்கும் கருவியில் காட்டாமல்
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.
"ஐந்து நாற்பதுக்கு நான் ஓரிடத்துக்குப் போகிறேன்.
ரொட்டிக்கடை மாடி.
வருவதானால் இது இங்கேயே இருக்கட்டும்.
வராவிட்டால் இருபத்தாறு ஸ்வோத்தி."

கையில் முப்பது வைத்திருந்தேன்.
அதை மடித்தேன். விரித்தேன். மடித்தேன்.

மாடியில் ஆறு பேர்.
காவலாளி, ஆம்புலன்ஸ் ஓட்டுநர்,
முழங்கை வரை மாவோடு கீழிருந்து ஏறிவந்த ஒலெஸ்யா.
கீழே மாவு புளித்துப் பொங்கும் வாசனை,
அப்படியே பியர்.
"வேறு இடம் கிடைக்கவில்லை" என்றாள் ஒலெஸ்யா.
ஒருவரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லோரும் சிரித்தோம்.

மெழுகுவத்தி கிடையாது.
பேசிக்கொண்டிருக்கும்போதே
ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தூங்கிவிடுவார்.
யாரும் எழுப்புவதில்லை.
அவர் விட்ட சொல்லிலிருந்து
அடுத்தவர் தொடங்குவார்.
என் முறை அப்படித்தான் வந்தது.
"அந்தக் கதவைத் திறந்தால்..." என்று அவர் நிறுத்தியிருந்தார்.
பதினொரு நிமிடம் பேசினேனாம்.

குளிர்பெட்டிமேல் ஒட்டிய தாளில்
பதினைந்தாவது வரியைப் பென்சிலால் எழுதினேன்.
காலை எட்டுக்குப் பள்ளி ஓடுகிற ஆசிரியருக்கு
அது சரிப்படாது.
அவருக்கென்று வேறொரு சீட்டு எழுதி
உறையில் போட்டு இரண்டு முறை ஒட்டினேன்:
"மூன்றாவது முகவரிக்கு
இனி நான் வரமாட்டேன்.
நீங்கள் தாராளமாகப் போகலாம்."

தீமோனிடம் கொடுத்தனுப்ப முடியாது.
வியாழக்கிழமை பெற்றோர் கூட்டம்.
அந்தக் கூட்டத்துக்கும்
போகத்தான் வேண்டும்.